பிள்ளையின் நெஞ்சுச்சளிக்கு எது காரணம்: மழையா, கிருமியா, வீட்டுக் காற்றா?

கொழும்பில் ஒரு கைக்குழந்தைக்கு இருமலும் காய்ச்சலும் வந்து, மூச்சு வாங்கத் தொடங்கி, பொரளை சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால், வைத்தியர் வாய் திறப்பதற்கு முன்பே வீட்டில் காரணம் முடிவாகிவிடும். "தலைக்கு வார்த்தாய்." "பனிக்குள் கொண்டு போனாய்." "ஃபேனுக்குக் கீழே கிடத்தினாய்." பழி பெரும்பாலும் தாயின் மேல்தான் விழும்.

செய்திகளில் வருவது வேறு கதை. 2025 ஜனவரியில் சீனாவில் எச்.எம்.பி.வி. என்ற வைரஸ் பரவுவதாகச் செய்தி வந்தபோது, கொரோனாவைப் போல இன்னொன்று கிளம்பிவிட்டது என்று பெற்றோர் பயந்தார்கள். அந்த வைரஸ் 2001இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டது. அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே அது பிள்ளைகளுக்குத் தடிமனைக் கொடுத்துக்கொண்டுதான் இருந்தது. பெயர் மட்டும் இருக்கவில்லை.

வீட்டுப் பேச்சும் செய்தியும் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுகின்றன. ஆனால் பிள்ளைகளின் சுவாசத் தொற்றில் காரணங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. நோயை உண்டாக்கும் கிருமி முதல் அடுக்கு. அது பிள்ளையிடம் வந்து சேரும் வழி இரண்டாவது. வந்த கிருமி மூக்கோடு நின்றுவிடுமா, நெஞ்சுக்கு இறங்குமா என்பதைத் தீர்மானிக்கும் விஷயங்கள் மூன்றாவது. இந்த மூன்றாவது அடுக்கைப் பற்றித்தான் நம் வீடுகளில் மிகக் குறைவாகப் பேசுகிறோம். நம் கையால் அதிகம் மாற்றக்கூடியதும் அதுதான்.

முதலில் சொற்களைச் சரிப்படுத்திக்கொள்வோம்

பத்திரிகைகளில் "கடுமையான சுவாசத் தொற்று" என்று எழுதுகிறார்கள். அதை வாசிக்கும் தாய், பிள்ளையின் நிலைமை மோசம் என்று நினைப்பது இயல்பு. வைத்தியர்கள் அந்த இடத்தில் சொல்ல வருவது கடுமையை அல்ல. திடீரெனத் தொடங்கி, நாள்களிலோ சில வாரங்களிலோ முடிந்துவிடும் தொற்று என்பதே பொருள். மூக்கு ஒழுகும் சாதாரணத் தடிமனும் இந்த வகைதான், உயிருக்கு ஆபத்தான நிமோனியாவும் இந்த வகைதான். அதனால் "திடீர்ச் சுவாசத் தொற்று" என்றே இங்கே எழுதுகிறேன்.

அடுத்தது இடம். மூக்கு, தொண்டை, காது, சைனஸ் ஆகியவை மேல் சுவாசப் பாதை. குரல்வளைக்குக் கீழே மூச்சுக்குழல், அதன் கிளைகள், நுண்ணிய குழல்கள், நுரையீரலின் காற்றுப் பைகள் ஆகியவை கீழ்ச் சுவாசப் பாதை. மேலே வருவது அடிக்கடி வரும், பெரும்பாலும் தானாகப் போகும். கீழே இறங்குவது அரிது. இறங்கினால் கவனம் வேண்டும். பெரியவர்கள் "நெஞ்சுச்சளி" என்று தனியாகப் பிரித்துச் சொல்வது இதைத்தான், அந்தப் பிரிப்பில் நல்ல விவேகம் இருக்கிறது.

கீழே இறங்கும் நோய்களில் மூன்று பெயர்களைத் தெரிந்துவைத்திருந்தால் போதும்.

1. புரொன்கியோலைட்டிஸ்: இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் நுண்குழல்கள் வீங்கிச் சளியால் அடைபடுவது. கிட்டத்தட்ட எப்போதும் வைரஸால் வருவது. மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம் கேட்கும்.

2. நிமோனியா: காற்றுப் பைகளே வீங்கி, காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீரும் சீழும் நிறைவது. வைரஸாலும் வரும், பக்டீரியாவாலும் வரும்.

3. குரூப்: குரல்வளையும் அதன் கீழ்ப் பகுதியும் வீங்குவது. நாய் குரைப்பது போன்ற இருமல், மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரப்பான சத்தம். இரவில்தான் அதிகம் வந்து வீட்டையே எழுப்பிவிடும்.

கிருமிகள் யார் யார்

திடீர்ச் சுவாசத் தொற்றுகளில் மிகப் பெரும்பான்மையானவை வைரஸால் வருபவை. அவற்றில் அதிகம் உலாவுவது ரைனோ வைரஸ். அதில் 150க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒரு வகைக்கு உடம்பு எதிர்ப்பைக் கற்றுக்கொண்டாலும் அடுத்த வகை புதியவனாக வந்து நிற்கும். மொண்டிசூரிக்குப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு மாதா மாதம் தடிமன் பிடிப்பதன் இரகசியம் இதுதான். சிறு பிள்ளைகளுக்கு வருஷத்துக்கு ஆறு முதல் எட்டு முறை தடிமன் வருவது இயல்பு. பகல் பராமரிப்பு நிலையத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு அதைவிடக் கூடுதலாகவும் வரும். ஒவ்வொன்றும் ஒரு வாரம் பத்து நாள், அப்புறம் இருமல் இன்னும் ஒரு வாரம் என்று கணக்குப் போட்டால் வருஷத்தில் நூறு நாளைத் தாண்டிவிடும். "என் பிள்ளைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லை" என்று கவலைப்படுகிற பெற்றோர் பலர். நன்றாகச் சாப்பிட்டு, வளர்ந்து, இடையில் விளையாடுகிற பிள்ளையாக இருந்தால், அந்த எதிர்ப்புச் சக்தி உருவாகிக்கொண்டிருக்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

கைக்குழந்தைகளைப் பொறுத்தவரை முதலில் அஞ்ச வேண்டிய வைரஸ் ஆர்.எஸ்.வி. 1956இல் தடிமன் பிடித்த சிம்பன்சிகளிடம் முதலில் காணப்பட்டது. அடுத்த வருஷமே பிள்ளைகளிடமும் கண்டார்கள். இரண்டு வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரு முறையாவது வந்துவிடும். பெரியவர்களுக்கு வெறும் தடிமன், மூன்று மாதக் குழந்தைக்கு ஒட்சிசன் தேவைப்படக்கூடிய நோய். உலகளவில் 2019இல் ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஆர்.எஸ்.வி.யால் இறந்ததாகக் கணிக்கப்பட்டது. அவர்களில் 97 சதவீதம் வருமானம் குறைந்த, நடுத்தர வருமானமுள்ள நாடுகளின் பிள்ளைகள்.

இன்புளுவென்சா, பரா இன்புளுவென்சா (குரூப்புக்கு முக்கிய காரணம்), அடினோ வைரஸ், எச்.எம்.பி.வி., கொரோனா வைரஸ்கள் ஆகியவை மீதி. இன்புளுவென்சா இலங்கையில் குளிர்நாடுகளைப் போல ஒரே ஒரு பருவத்தில் வருவதில்லை. வருஷ நடுப்பகுதியில் ஒரு முறையும் வருஷக் கடைசியை ஒட்டி இன்னொரு முறையும் எழும்பும். நாட்டில் அதைக் கண்காணிக்கும் தேசிய மையம் பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம்.

பக்டீரியாக்களில் நியூமோகொக்கஸ் முதலிடம். நிமோனியா மட்டுமல்ல, காதுச் சீழும் மூளைக்காய்ச்சலும் அதனால் வரும். இந்தப் பக்டீரியா நலமாக ஓடி விளையாடும் பிள்ளைகளின் மூக்கின் பின்புறத்திலேயே சத்தமில்லாமல் குடியிருக்கும். வைரஸ் வந்து சளிச்சவ்வைப் புண்ணாக்கியதும் அது உள்ளே நுழையும். இரண்டாவது எச்.ஐ.பி. எனப்படும் ஹீமோஃபிலஸ் இன்புளுவென்சா பி. பெயரில் இன்புளுவென்சா இருந்தாலும் இது அந்த வைரஸ் அல்ல. 1890களில் காய்ச்சலுக்கு இதுதான் காரணம் என்று தவறாக நினைத்து வைத்த பெயர். உண்மையான வைரஸ் 1933இல் பிடிபட்ட பின்னும் பழைய பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மைக்கோபிளாஸ்மா என்ற இன்னொன்றும் நீண்ட இருமலோடு நிமோனியாவைக் கொண்டுவரும்.

ஒரே கிருமி, தந்தைக்குத் தும்மல், குழந்தைக்கு வைத்தியசாலை

இதற்குக் காரணம் பெரும்பாலும் அளவுதான். குழந்தையின் மூச்சுக்குழல் ஏறத்தாழ 4 மில்லிமீற்றர் விட்டம் என்றும், பெரியவரின் குழல் 8 மில்லிமீற்றர் என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டின் உட்சுவரும் சுற்றிவர 1 மில்லிமீற்றர் வீங்குகிறது. பெரியவருக்கு 8 ஆக இருந்தது 6 ஆகும். குழந்தைக்கு 4 ஆக இருந்தது 2 ஆகிவிடும். குழாயின் அகலம் பாதியானால் காற்று போகும் சிரமம் இரு மடங்கு ஆகும் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் குழாயின் ஆரம் குறையக் குறைய, ஓட்டத்துக்கான தடை அதன் நான்காம் அடுக்கின்படி ஏறும். ஆகவே பெரியவருக்குத் தடை ஏறத்தாழ 3 மடங்கு, குழந்தைக்கு 16 மடங்கு. அதே வீக்கம், அதே கிருமி.

இதோடு வேறு சிலவும் சேரும். முதல் மாதங்களில் குழந்தைகள் மூக்காலேயே மூச்சு விடுகிறார்கள்; மூக்கு அடைத்தால் பால் குடிக்கவும் முடியாது. விலா எலும்புகள் மென்மையானவை, சளியை இருமி வெளியே தள்ளும் பலம் குறைவு. காதையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் சிறுவயதில் கிட்டத்தட்டக் கிடையாக இருப்பதால் கிருமிகள் காதுக்குச் சுலபமாகப் போய்விடும். தாயிடமிருந்து கருவிலே வந்த எதிர்ப்புப் பொருள்கள் பிறந்த சில மாதங்களில் குறைந்துபோகும். பிள்ளையின் சொந்த எதிர்ப்பு அப்போதுதான் எழுந்து நிற்கப் பழகும்.

மழை, பனி, தலைக்கு வார்த்தல்

தண்ணீரில் கிருமி இல்லை. தலைக்கு வார்ப்பதால் தொற்று உண்டாவதில்லை. கிருமி இன்னொரு மனிதரிடமிருந்துதான் வர வேண்டும்: இருமல், தும்மல், பேச்சு ஆகியவற்றோடு காற்றில் கலக்கும் துளிகள் வழியாக, அல்லது மூக்கைத் துடைத்த கை குழந்தையின் முகத்தைத் தொடுவதன் வழியாக. ஆர்.எஸ்.வி. மேசை, கட்டில் கம்பி போன்ற வழவழப்பான இடங்களில் பல மணி நேரம் உயிரோடு இருக்கும்.

அப்படியானால் மழைக்காலத்தில் ஏன் நோய் கூடுகிறது? நம் பாட்டிமார் கவனித்தது பொய்யில்லை. மழைக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு. தொடர்பு வருகிற வழிதான் வேறு. மழை பெய்தால் யன்னல்களை மூடுகிறோம், எல்லோரும் ஒரே அறைக்குள் வருகிறோம், உடுப்பு உள்ளே காய்கிறது, சுவரில் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒருவரின் மூச்சு இன்னொருவரின் மூச்சாகிறது. குளிர்ந்த மூக்கில் ரைனோ வைரஸ் இன்னும் சுறுசுறுப்பாகப் பெருகும் என்பதும் ஆய்வுகூடத்தில் தெரிந்த விஷயம். ஆனாலும் கிருமி வந்து சேராத பிள்ளையை எவ்வளவு குளிப்பாட்டினாலும் நிமோனியா வராது. இளஞ்சூட்டு நீரில் குளிப்பாட்டி, உடனே துவட்டி, உடுப்புப் போட்டுவிட்ட தாய்மீது குற்றம் சுமத்துவதை நாம் நிறுத்த வேண்டும். அந்தக் குற்றச்சாட்டு அவள் மனதை உடைக்கிறது என்பதோடு முடிந்துவிடுவதில்லை; உண்மையான காரணத்தைத் தேடவும் விடாமல் செய்கிறது. குழந்தையை முத்தமிட்ட, தடிமன் பிடித்த மாமாவை யாரும் கேள்வி கேட்பதில்லை.

கொழும்பின் அறைகள்

கொட்டாஞ்சேனை, ஜிந்துப்பிட்டி, கிராண்ட்பாஸ், மட்டக்குளிப் பக்கத் தோட்டங்கள் எனப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரே அறையில் ஐந்தாறு பேர் படுக்கும் வீடுகள் ஏராளம். வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் இடம் கொஞ்சம் கூடுதல். ஆனால் ஏ.சி. போட்ட அறையை இரவு முழுக்க மூடி வைக்கிறார்கள். வீடுகளில் சுவரில் மாட்டும் சாதாரண ஏ.சி. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்குகிறது. பணமுள்ள வீடும் இல்லாத வீடும் இந்த ஒரு விஷயத்தில் ஒன்றாகிவிடுகின்றன: உள்ளே இருமியவரின் காற்று உள்ளேயே நிற்கிறது.

ஸ்கூல் வேன் இன்னொரு இடம். யன்னலை ஏற்றிவிட்டு, போக்குவரத்து நெரிசலில் முக்கால் மணி நேரம், பதினைந்து பிள்ளைகள். பெரிய பிள்ளை அங்கே வாங்கிக்கொண்டு வருவதை வீட்டில் இருக்கும் தம்பிக்குக் கொடுக்கிறது. கைக்குழந்தைக்கு நோய் வரும் பாதையைத் தேடினால் பெரும்பாலும் அக்கா அண்ணாவிடம்தான் போய் முடியும். அவர்களைப் பாடசாலைக்கு அனுப்பாமல் இருக்க முடியாது. வீட்டுக்கு வந்ததும் கையை முகத்தைக் கழுவி உடுப்பு மாற்றிய பிறகே குழந்தையைத் தூக்குவது என்று பழக்கலாம், அது நடக்கக்கூடியது.

புகை

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நிதானமாக வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

மூச்சுப் பாதையின் உட்சுவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய முடிகள் உண்டு. அவை ஒரே திசையில் அலையாக அசைந்து, தூசியும் கிருமியும் ஒட்டிய சளியை மேலே தள்ளி, தொண்டைக்குக் கொண்டுவந்து விழுங்கவைக்கின்றன. நெஞ்சின் துப்புரவுப் பணி அதுதான். புகை அந்த முடிகளின் அசைவை மந்தமாக்கும், சளியைத் தடிப்பாக்கும், காற்றுப் பைகளில் கிருமியை விழுங்கும் காவல் செல்களைச் சோர்வாக்கும். அதன் பின் ஒரு சாதாரண வைரஸ் வந்தாலும் கீழே இறங்க வழி திறந்திருக்கும். அதாவது புகை கிருமியை உண்டாக்குவதில்லை. மூக்கோடு போக வேண்டியதை நெஞ்சுவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. வீட்டுக்குள் விறகு, கரி போன்றவற்றின் புகையைச் சுவாசிக்கும் சிறு பிள்ளைகளுக்குக் கீழ்ச் சுவாசத் தொற்று வரும் ஆபத்து கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு.

நம் வீடுகளில் இந்தப் புகை எங்கெங்கிருந்து வருகிறது?

1. அடுப்பு. கொழும்பில் கேஸ் பழகிப்போய்விட்டது. ஆனால் 2022இல் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற நாள்களில் மண்ணெண்ணெயும் விறகும் திரும்பி வந்தன. விறகு அடுப்புக்கென்று புகைபோக்கி இல்லாத வீடுகளில் அது கூடுதல் ஆபத்து. விலை ஏறியதால் இன்னும் விறகை விடாத வீடுகள் உண்டு. அவர்களைக் குறை சொல்வதில் பயனில்லை. சமைக்கும் நேரத்தில் குழந்தை இடுப்பிலோ அடுப்படித் தொட்டிலிலோ இல்லாமல், புகை வராத இடத்தில் இன்னொருவர் கையில் இருந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

2. நுளம்புச்சுருள். டெங்குப் பயத்தால் ஏற்றுகிறோம், அந்தப் பயம் நியாயமானது. ஆனால் சீனாவிலும் மலேசியாவிலும் விற்கப்பட்ட சுருள்களைச் சோதித்து 2003இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு சுருள் எரிந்து முடிய வெளிவரும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகள் வெளிவிடும் அளவு என்று கண்டது. மூடிய அறையில், குழந்தையின் தொட்டிலுக்குக் கீழே, விடியும்வரை. டெங்கைப் பரப்பும் நுளம்பு பெரும்பாலும் பகலில், அதிலும் காலையிலும் மாலையிலும் கடிப்பது. குழந்தைக்குப் பகலிலும் இரவிலும் வலை கட்டுவது இரண்டு நோய்க்கும் ஒரே காவல்.

3. சாம்பிராணி. குளிப்பாட்டிய குழந்தையைச் சாம்பிராணிப் புகையில் காட்டுவது தலைமுறைகளாக வருகிற அன்பான பழக்கம். தலையின் ஈரம் காயும், சளி பிடிக்காது என்பது நம்பிக்கை. சளி பிடிக்காமல் இருக்கச் செய்கிற காரியமே நெஞ்சைப் பலவீனமாக்குகிறது என்பதைச் சொல்லவே மனம் வரவில்லை, ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். காய்ந்த துவாய் அந்த வேலையைப் புகை இல்லாமல் செய்யும். சாமி அறையில் ஊதுபத்தி ஏற்றுவதென்றால் யன்னலைத் திறந்து வைத்து, குழந்தை இல்லாத அறையில் ஏற்றலாம்.

4. சிகரெட். பல்கனியில் நின்று பிடித்துவிட்டு வந்தாலும் உடுப்பிலும் மூச்சிலும் தங்கியது குழந்தையிடம் வரும். வீட்டுக்குள் பிடிப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வெளிக்காற்றும் எப்போதும் சுத்தம் இல்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடலிலிருந்து வரும் காற்று கொழும்பைக் கழுவிவிடும். வருஷக் கடைசியில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பும்போது, வாகனப் புகையோடு இந்தியப் பெருநிலத்தின் மாசும் சேர்ந்து வருவதுண்டு. 2022 டிசம்பர் 9ஆம் திகதி காற்று மோசமானதால் பாடசாலைகளுக்கு விடுமுறை கொடுத்தது நினைவிருக்கும். அந்த மாதங்களில்தான் இன்புளுவென்சாவின் இரண்டாவது எழுச்சியும் வருகிறது. பயப்பட வேண்டிய துகள்களின் பெயர் பி.எம். 2.5: விட்டம் 2.5 மைக்ரோமீற்றருக்குள், அதாவது தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. மூக்கு அவற்றைப் பிடித்து நிறுத்தாது. காற்றுப் பைவரை போகும். ஒரு நாள் சராசரி கன மீற்றருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் வகுத்த வரம்பு.

பிள்ளையின் உடம்பு எந்த நிலையில் இருக்கிறது

குறை மாதத்தில் பிறந்த பிள்ளை, எடை குறைந்து பிறந்த பிள்ளை, பிறவி இருதயக் கோளாறுள்ள பிள்ளை, போஷாக்குக் குறைந்த பிள்ளை ஆகியோருக்கு அதே வைரஸ் கூடுதல் கடுமையாக வரும். இவர்களுக்கு "ஒரு நாள் பார்ப்போம்" என்ற அவகாசம் குறைவு.

மறுபக்கத்தில் நல்ல செய்தி உண்டு. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது சுவாசத் தொற்றுக்கு எதிரான வலுவான காவல்களில் ஒன்று. 2016இல் நடந்த தேசியக் கணக்கெடுப்பில் இலங்கையில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதம் தாய்ப்பால் மட்டுமே குடித்தார்கள். உலக அளவில் பெருமைப்படக்கூடிய எண் அது.

தடுப்பூசியிலும் அப்படித்தான். 2, 4, 6 மாதங்களில் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் கக்குவான், தொண்டைக்கரப்பான் இரண்டோடு எச்.ஐ.பி.யும் அடங்கும்; எச்.ஐ.பி. 2008இல் சேர்ந்தது. சின்னமுத்து ஊசியையும் சுவாசத் தொற்றுக்கான தடுப்பாகவே பார்க்க வேண்டும். சின்னமுத்து வந்த பிள்ளைகளின் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் அதைத் தொடரும் நிமோனியாதான். அதோடு, உடம்பு மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்த நினைவையும் அது அழித்துவிடும். 2019 ஜூலையில் சின்னமுத்தை ஒழித்த நாடாக இலங்கை அறிவிக்கப்பட்டது. 2023இல் கொழும்பு உட்படப் பல மாவட்டங்களில் அது மீண்டும் தலையெடுத்தது, ஊசி போடாத பிள்ளைகள் இருந்த இடங்களில். நியூமோகொக்கஸ் தடுப்பூசியோ நீண்ட காலமாக அரசின் வழமையான அட்டவணைக்கு வெளியே, காசு கொடுத்துத் தனியாரிடம் போடுகிற ஊசியாகவே இருந்து வந்திருக்கிறது. இதில் பணம் உள்ள பிள்ளைக்கும் இல்லாத பிள்ளைக்கும் இடையே பெரிய நியாயக்கேடு இருக்கிறது.

காரணம் தெரிந்தால் மருந்து மாறும்

கடுமையான நிமோனியாவோடு வைத்தியசாலைகளில் சேர்க்கப்பட்ட பிள்ளைகளை வங்காளதேசம், தாய்லாந்து, கென்யா உட்பட ஏழு நாடுகளில் பின்தொடர்ந்து 2019இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், 61 சதவீதத்துக்கு வைரஸும் 27 சதவீதத்துக்குப் பக்டீரியாவும் காரணமாகக் கணிக்கப்பட்டன. ஆர்.எஸ்.வி. மட்டுமே 31 சதவீதம். வைத்தியசாலையில் படுக்கும் அளவு நோயிலேயே இப்படி என்றால், சாதாரணத் தடிமனில் பக்டீரியாவின் பங்கு எவ்வளவு சிறிதாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆகவே:

1. அன்டிபயோட்டிக் வைரஸை ஒன்றும் செய்யாது. பாமசியில் கேட்டு வாங்கிக் கொடுத்து மூன்றாம் நாள் சுகமானால், அது தானாகவே சுகமாகியிருக்கும். அதே நேரம், பரிசோதித்த வைத்தியர் நிமோனியா அல்லது காதுச் சீழ் என்று அன்டிபயோட்டிக் எழுதினால் அவர் சொன்ன நாள்கள் முழுவதும் கொடுத்து முடிக்க வேண்டும்.

2. சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் அது பக்டீரியா என்று அர்த்தமில்லை. கிருமியோடு போராடிய வெள்ளை அணுக்களின் நொதிதான் அந்த நிறத்தைக் கொடுக்கிறது.

3. இருமல் பாணி காரணத்தைக் குணமாக்குவதில்லை. 2022இல் காம்பியாவில் நச்சு கலந்த பாணிகளால் அறுபதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இறந்ததை அடுத்து உலக சுகாதார நிறுவனம் எச்சரிக்கை விடுத்தது. ஒரு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இளஞ்சூட்டு நீரும் ஒரு சின்னக் கரண்டி தேனும் அதைவிட நல்லது. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

4. கற்பூரம் போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் தடவ வேண்டாம். கற்பூரம் தோல் வழியாகவே உள்ளே போய் வலிப்பை உண்டாக்கலாம். கொதிநீர்ப் பாத்திரத்தில் ஆவி பிடிக்க வைப்பதும் வேண்டாம், சுட்டுக்கொள்ளும் பிள்ளைகள் அதிகம். மூக்கு அடைத்தால் பால் கொடுக்கும் முன் உப்புநீர்ச் சொட்டுப் போதும்.

5. காய்ச்சலுக்கு எடைக்கேற்ற அளவில் பெனடோல் மட்டும். கொழும்பில் எந்தக் காய்ச்சலும் டெங்காக இருக்கலாம் என்பதால் ஐபுபுரூஃபன், ஆஸ்பிரின் வகைகளைத் தொடக்கூடாது. தடிமன் இருப்பதால் டெங்கு இல்லை என்று முடிவு கட்டவும் வேண்டாம். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் இரத்தப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள்.

எண்ணிப் பார்க்க ஒரு நிமிஷம்

நெஞ்சுக்கு இறங்கிவிட்டதா என்பதை அறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. பிள்ளை அமைதியாக இருக்கும்போது, அழாமல், பால் குடிக்காமல் இருக்கும் நேரம் பார்த்து, சட்டையை உயர்த்தி, கைபேசியில் முழுசாக ஒரு நிமிஷம் வைத்து, நெஞ்சோ வயிறோ எத்தனை முறை எழுகிறது என்று எண்ணுங்கள். அரை நிமிஷம் எண்ணி இரண்டால் பெருக்கினால் பிழை வரும். குழந்தைகளின் மூச்சு ஒரே சீராக இருப்பதில்லை.

1. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தை: 60 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு.

2. இரண்டு மாதம் முதல் ஒரு வயதுவரை: 50 அல்லது அதற்கு மேல்.

3. ஒரு வயது முதல் ஐந்து வயதுவரை: 40 அல்லது அதற்கு மேல்.

இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ அன்றைக்கே வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு வேகமான மூச்சோ காய்ச்சலோ இருந்தாலே தாமதமில்லாமல் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். எந்த வயதானாலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே குழிவது, அமைதியாக இருக்கும்போதும் மூச்சில் கரகரச் சத்தம், பால் அல்லது தண்ணீர் குடிக்க முடியாமை, குடித்த எல்லாவற்றையும் வாந்தியெடுப்பது, உதடும் நாக்கும் நீலமாவது, எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, வலிப்பு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். புரொன்கியோலைட்டிஸ் மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் உச்சத்துக்குப் போகும். முதல் நாள் "ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கொண்டுபோங்கள்" என்று வைத்தியர் சொல்லியிருந்தாலும், நான்காம் நாள் மூச்சு வேகமானால் தயங்காமல் திரும்பவும் கொண்டுபோங்கள்.